சொந்த ரத்தம் இரண்டு பை

"யாரோட ரத்தம்?" என்று கேட்டார் சலவைக்காரர்.

எலும்பு டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. வலது முட்டி தேய்ந்துவிட்டது, அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும், அதற்கு இரண்டு பை ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி முடித்திருந்தார். முட்டியை எடுத்து எங்கே போடுவார்கள் என்றுகூட சலவைக்காரர் கேட்கவில்லை. ரத்தத்தில் வந்து நின்றுவிட்டார்.

"யாரோடதா இருந்தா என்ன, குரூப் சேர்ந்தாப் போதும்" என்றார் டாக்டர்.

சலவைக்காரருக்கு அது போதவில்லை. முப்பத்தாறு வருடமாக அடுத்தவர் துணியை வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர் அவர். ஒருவர் பொருள் இன்னொருவரிடம் எப்படிப் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த டாக்டருக்கும் தெரியாது. ஒரு தடவை வாத்தியாரின் பேன்ட்டை வக்கீல் வீட்டு மூட்டையில் வைத்துக் கட்டிவிட்டார். பதினொரு மாதம் வக்கீல் அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். வாத்தியார் வக்கீலின் பேன்ட்டில் பாடம் நடத்தினார். இடுப்பு இறுக்குகிறது என்று வாத்தியார் சாப்பாட்டைக் குறைத்தாரே தவிர பேன்ட்டைச் சந்தேகப்படவில்லை.

பேன்ட் மாறினால் இடுப்பு இறுக்கும். ரத்தம் மாறினால் எது இறுக்கும்? ஆஸ்பத்திரியிலும் மூட்டை கட்டுகிறவன் மனிதன்தானே.

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தை மனைவியிடம் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. அவள் தம்பி அப்போது சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்ப்பவன். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசியே பழகியவன். காரில் அவன் காலடியில் தனி பிரேக் இருந்தது. வாய்க்கு அப்படி ஒன்றும் வைக்கவில்லை.

"மாமா, நான் எதுக்கு இருக்கேன்? உங்க குரூப்தான் எனக்கும். ரெண்டு பை என்ன, வேணும்னா நாலு எடுத்துக்கச் சொல்லுங்க."

சலவைக்காரர் ஒரு நாளைக்கு எண்ணி இருபது வார்த்தை பேசுகிறவர். மச்சான் ரத்தம் உடம்பில் ஏறிவிட்டால் மறுநாள் காலையில் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பார். துணி தீயும். வாடிக்கையாளர் போய்விடுவார்கள்.

"அவன் ரத்தம் உள்ள போனா நான் நானா இருக்க மாட்டேன்" என்று மனைவியிடம் சொன்னார்.

"கொஞ்சம் சிரிச்சுப் பேசுவீங்க. அதுல எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல" என்றாள் அவள்.

ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவு செய்தார். அந்த முடிவு நாலு நாள் தாங்கியது. ஐந்தாம் நாள் இஸ்திரி மேசை முன் நின்றவருக்கு முட்டி மடங்கிய இடத்திலேயே பூட்டிக்கொண்டது. சூடான பெட்டியைக் கையில் பிடித்தபடி, வைக்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் நின்றார். மனைவி வந்து பெட்டியை முதலில் வாங்கினாள். பிறகு அவரை வாங்கினாள்.

இன்னும் மூன்று மாதம் தள்ளினால் நிற்கிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். ரத்தம் இல்லாமல் அறுக்க முடியாதா என்று சலவைக்காரர் கேட்டுப் பார்த்தார். டாக்டர் கீழ்த்தளத்து ரத்த வங்கிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ரத்த வங்கியில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். சீட்டைப் படித்துவிட்டு, "அடுத்தவங்க ரத்தம் பயமா இருந்தா உங்க ரத்தத்தையே எடுத்து வெச்சுக்கலாமே ஐயா" என்றாள்.

"என்னோடதையா?"

"உங்களோடதைத்தான். வாரத்துக்கு ஒரு பை, மொத்தம் ரெண்டு. முப்பத்தஞ்சு நாள் கெடாம இருக்கும். ஆபரேஷன் அன்னைக்கு உங்களுக்கே ஏத்திடுவோம்."

இப்படி ஒரு வழி இருப்பதை டாக்டர் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற சந்தேகம் சலவைக்காரருக்கு வந்தது. ஆனால் வழி நல்ல வழி. தன் சட்டையைத் தானே துவைத்துத் தானே போட்டுக்கொள்வது மாதிரி. உடனே கையை நீட்டினார்.

ஊசி குத்தியபோது அவர் ஊசியைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தார். சின்னத் தட்டில் அது இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு நிறைந்தது. உடம்புக்குள் இருக்கிற வரைக்கும் அது தன்னுடையது என்று அவர் யோசித்ததே இல்லை. வெளியே வந்த பிறகு பார்த்தால் யாருடையதாகவும் இருக்கலாம் போலிருந்தது. அதுதான் பயமாக இருந்தது. சிவப்பு என்றால் எல்லாம் சிவப்புதான்.

பெண் பையின் மேல் நம்பர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினாள்.

"ஒட்டினது உரிஞ்சு வந்தா?"

"வராது ஐயா."

"தண்ணி பட்டா?"

"ஃப்ரிட்ஜுக்குள்ள தண்ணி படாது."

இந்த மாதிரி வாக்குறுதி அவருக்குப் புதிது அல்ல. சாயம் போகாது, சுருங்காது, செவ்வாய்க்கிழமை கிடைத்துவிடும் என்று அவரே தினமும் கொடுக்கிறவர். துணிக்கு அவர் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. வெள்ளாவியில் வைத்தாலும் போகாத மையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மார்க் போடுவார். வக்கீல் வீட்டுக்கு இரண்டு கோடு. வாத்தியாருக்கு வட்டம். தன் வீட்டுத் துணிக்கு ஒரு கோடு, மூன்று புள்ளி. பேனா எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

பெண் அவருக்கு பிஸ்கட் எடுக்கத் திரும்பினாள். அவள் திரும்பி வருவதற்குள் பையின் அடிப்பக்கம் ஒரு கோடு, மூன்று புள்ளி ஏறிவிட்டது. பல நாளைக்குப் பிறகு சலவைக்காரர் அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்த மை பிளாஸ்டிக்கைத் தாண்டி உள்ளே இறங்கக்கூடும், அப்படி எழுதின பையை யாருக்கும் ஏற்றக் கூடாது என்பது விதி, அதனால் காலையிலேயே அழித்தாகிவிட்டது என்று நிதானமாகச் சொன்னாள்.

"என் ரத்தத்தையா கொட்டிட்டீங்க?"

"நீங்க எழுதின ரத்தத்தை ஐயா."

சலவைக்காரர் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷன் தேதி மூன்று வாரம் தள்ளிப்போனது. போன ரத்தம் மறுபடி ஊற வேண்டும் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவர் தள்ளிப்போன நாளை எண்ணவில்லை. கடைக்காரன் மாதிரி அவர்கள் சாதாரணமாக அழித்துவிட்டோம் என்று சொன்னார்களே, அதையே நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே அழித்தார்களா? அல்லது இந்த ஊரில் யாரோ ஒருவன் இப்போது ஒரு கோடு, மூன்று புள்ளியோடு நடந்துகொண்டிருக்கிறானா?

ரத்தம் சீக்கிரம் ஊற வேண்டுமென்றால் பீட்ரூட் சாப்பிட வேண்டும் என்று மச்சான் சொன்னான். அவன் சொன்னதால் சலவைக்காரருக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் அவன் போன பிறகு நிறத்தைப் பார்த்தார். இவ்வளவு சிவப்பாக இருக்கிற ஒன்று ரத்தத்துக்குக் கெடுதல் செய்யாது என்று தோன்றியது. ஒரு வேளைக்கு ஒரு கிழங்கு என்று டாக்டர் சொல்லியிருந்தால் அப்படித் தின்றிருப்பார். யாரும் அளவு சொல்லாததால் ஒரு நாளைக்கு ஒன்பது தின்றார்.

மறுநாள் காலை கழிப்பறையிலிருந்து அவர் மனைவியைக் கூப்பிட்ட குரல், திருமணமாகி இத்தனை வருடத்தில் அவள் கேட்காத குரல்.

"போகுது. எல்லாம் கீழ போகுது" என்றார்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் துவைத்த வேட்டி மாதிரி வெளுத்துப்போயிருந்தது. சாப்பிட்டுச் சேர்த்த ரத்தமெல்லாம் வந்த வழியே போகிறது, இன்னும் அரை நாள்கூடத் தாங்க மாட்டேன், கடைச் சாவி உள் சட்டைப் பையில் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். மனைவியும் பயந்துவிட்டாள். மச்சான் கற்றுக்கொள்கிறவர்களுக்கான பலகை மாட்டிய காரோடு வந்து ஏற்றிக்கொண்டான். வழி முழுக்கத் தைரியம் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல சலவைக்காரருக்கு இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

ரத்த வங்கிப் பெண் அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பீட்ரூட் சாப்பிட்டீங்களா?"

இரண்டாவது கேள்விக்குத் தேவை இருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மறுபடி முதல் பை எடுத்தார்கள். இந்தத் தடவை உள்ளே நுழையும்போதே பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எழுத முடியாதவர் வேறு என்ன செய்வார், நம்பரை மனப்பாடம் செய்தார். கடைசி மூன்று எண் நானூற்றுப் பதினேழு. இஸ்திரி போடும்போதும் சொல்லிக்கொண்டார், சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தினமும் கடை சாத்தும் மதிய நேரத்தில் ரத்த வங்கிக்குப் போக ஆரம்பித்தார். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஃப்ரிட்ஜ். இரண்டாவது தட்டில் நானூற்றுப் பதினேழு. பார்ப்பார், திரும்பி வருவார். ஆஸ்பத்திரியில் உறவினரைப் பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக வருவதில்லை.

மூன்றாம் நாள் பை வேறு மாதிரி இருந்தது. மேலே மஞ்சளாகத் தண்ணீர், கீழே கறுப்புச் சிவப்பு.

"இதுல தண்ணி கலந்திருக்கீங்க" என்றார்.

பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கஞ்சி கரைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கெட்டி அடியில் தங்கி மேலே தண்ணீர் நிற்குமே, அதே மாதிரிதான் என்றாள். சலவைக்காரருக்கு அது புரிந்தது. கஞ்சியை உதாரணம் காட்டியவள் என்பதால் அவள் மேல் முதல்முறையாக மரியாதையும் வந்தது. அந்த மரியாதை இரண்டு நாள் இருந்தது.

அதற்கடுத்த நாள் இரண்டாவது தட்டு காலி.

அவர் சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவர். அன்று போட்டார். ரத்தத்தைக் காணோம், திருட்டு, கதவைச் சாத்துங்கள், யாரும் வெளியே போகக் கூடாது என்று அவர் போட்ட சத்தத்தில், வரிசையில் உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு முடியெல்லாம் குத்திட்டு நின்றது. ரத்தம் கொடுக்க வந்திருந்த இரண்டு பேர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு நழுவினார்கள். காவலாளி ஓடிவந்தான். மேலாளர் வந்தார். பை நாலாவது தட்டில் இருந்தது. அன்று காலைதான் ஃப்ரிட்ஜைத் துடைத்து மாற்றி அடுக்கியிருந்தார்கள்.

அன்றிலிருந்து அவர் உள்ளே வரக் கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். ரத்தம் கொடுக்கிற நாள் தவிர வேறு நாளில் அந்த வாசல் பக்கம் தலை தெரியக் கூடாது.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க யோசிக்க வியர்த்தது. பார்க்க ஆளில்லாத பொருள் ஒன்று எப்படி எல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியும். மதியம் மனைவி சமையலை விட்டு வர முடியாது. வேறு யாரை அனுப்புவது? அவர் வாழ்க்கையில் செய்ததிலேயே பெரிய தவறை அப்போது செய்தார். மச்சானைக் கூப்பிட்டார்.

"தினம் ஒரு தடவை போய்ப் பாரு. நாலாவது தட்டு. நானூத்திப் பதினேழு. பார்த்துட்டு வந்துரு. யார்கிட்டயும் பேசாத."

அந்தக் கடைசி வார்த்தையைத் தவிர மச்சான் மற்ற எல்லாவற்றையும் செய்தான். நாலு நாள் ஒழுங்காகத் தகவல் வந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தான்.

சலவைக்காரர் பஞ்சைப் பார்த்தார். கையிலிருந்த சட்டை நழுவியது.

"அந்தப் பொண்ணு பாவம் மாமா" என்றான். "நீங்க போட்ட சத்தத்துல வந்த ஆளெல்லாம் ஓடிப்போச்சாம், ரத்தமே சேரலையாம். பேசிக்கிட்டே இருந்தேன், சரி எடுத்துக்கம்மான்னு கையை நீட்டிட்டேன். எங்க மாமாவுக்கு ஏதாவது அவசரம்னா இதை எடுத்துக்கணும்னு எழுதியும் குடுத்துட்டேன்."

"எங்க வெச்சாங்க?"

"நாலாவது தட்டுதான். உங்க பை, பக்கத்துல என் பை. ஒரே குரூப்பு இல்ல? ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, அண்ணன் தம்பி மாதிரி."

சலவைக்காரர் எந்த ரத்தத்துக்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ, அது இப்போது எந்த ஊரிலோ யார் உடம்பிலோ இல்லை. அவருடைய பைக்கு அரை விரல் தூரத்தில், அவர் பெயர் எழுதிய சீட்டோடு படுத்திருக்கிறது. தப்பு நடக்கக்கூட வேண்டாம். யாராவது சோம்பேறித்தனமாகக் கையை நீட்டினால் போதும்.

இனி ஒரே வழி. தன்னுடையது இரண்டு பை முழுதாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவன் பை உள்ளே வந்துவிடும்.

இரண்டாவது பை கொடுக்கப் போனபோது விரலில் குத்திப் பார்த்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். ரத்தச் சத்தின் அளவு பதினொன்று இருக்க வேண்டும். பதினொன்றுக்கு மேல் ஒரு புள்ளிதான் இருந்தது. ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாமே என்றாள். ஒரு வாரம் விட்டால் ஆபரேஷன் வந்துவிடும் என்றார் அவர். அப்படியானால் உங்கள் மச்சான் கொடுத்தது இருக்கிறதே என்றாள் அவள், ஆறுதலாக.

சலவைக்காரர் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினார்.

"எடும்மா" என்றார்.

மேலே போன் போட்டு டாக்டரைக் கேட்டாள். டாக்டர் அரை மனதாகச் சரி என்றார். பை நிறைந்தது. நம்பர் நானூற்று ஐம்பத்திரண்டு.

அன்று எழுந்து நின்றபோது அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாளும் சுற்றியது. கடையில் இஸ்திரிப் பெட்டி கனமாகிக்கொண்டே போனது. வக்கீல் சட்டையின் மேல் பெட்டியை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் கண்ணை மூடினார். திறந்தபோது காலர் கருகியிருந்தது. முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. அதை உள்பக்கமாக மடித்து மூட்டையின் அடியில் வைத்துக் கட்டினார். அந்த மூட்டையை வாத்தியார் வீட்டுக்கு அனுப்பினார்.

மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"தலை சுத்துதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. டாக்டர்கிட்டச் சொல்லலாம்."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? உடம்புல ரத்தம் பத்தலம்பாங்க. உன் தம்பி பையைத் தூக்கிட்டு ஓடி வருவாங்க. நீ வாயைத் திறந்தா நான் மேசையிலிருந்து எந்திரிச்சு வீட்டுக்கு வந்துருவேன்."

அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் எங்கே நடந்தாலும் ஒரு கை தூரத்தில் பின்னாலேயே நடந்தாள்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே பயத்தில் சோறு இறங்கவில்லை. ஆபரேஷன் அன்று காலை வெறும் வயிறோடு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மட்டும் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. பச்சை அங்கி மாட்டி ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். முதுகுப் பக்கம் திறந்த அங்கி. இப்படித் தைத்தவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மச்சான் கூடவே நடந்து வந்து, மயக்க மருந்து கொடுத்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள், பத்து வருவதற்குள் ஆள் காலி, ஒன்றுமே தெரியாது என்று விவரித்தான். ஆள் காலி என்ற சொல்லை அவன் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம்.

மனைவி அவர் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவருடையது ஐஸ் மாதிரி இருந்தது.

"ரெண்டு நம்பரும் ஞாபகம் இருக்கா?" என்று அவர் கேட்டார்.

"நானூத்திப் பதினேழு. நானூத்தி அம்பத்திரண்டு."

"வேற ஏதாவது வந்தா விடாத."

கதவு மூடியது. உள் நடையில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். நர்ஸ் வந்து கையில் ஊசி ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டினாள். அடுத்த கதவின் கண்ணாடி வழியாகப் பெரிய விளக்கு தெரிந்தது. அதற்குக் கீழே மேசை. மேசைக்குப் பக்கத்தில் கம்பி. அந்தக் கம்பி அருகே யாரோ ஒரு பையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்பர் தெரியவில்லை.

"அது யாரோட பை?" என்று கேட்டார். நர்ஸ் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அவர் முழங்கையை ஊன்றினார். முழுதாக எழுந்து உட்கார்ந்தார். நாலு என்று ஆரம்பிக்கிறது. அடுத்தது ஒன்றா, ஐந்தா, வேறு ஏதாவதா? பயத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல், எப்படியும் எண்ணத்தானே சொல்வார்கள் என்று தானாகவே எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. விளக்கு இரண்டாகப் பிரிந்தது. நாலு. ஐந்து. விளக்கு நாலானது. ஆறு.

ஏழு வரவில்லை.

கண் திறந்தபோது வெயில் ஜன்னலில் மேற்குப் பக்கமாக வந்திருந்தது. கட்டில். மேலே கம்பி. கம்பியில் பை. முக்கால்வாசி இறங்கிவிட்டது. தலையைத் திருப்பி, கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். நானூற்று ஐம்பத்திரண்டு.

வலது முட்டியில் கனமான கட்டு. காலை மெல்ல அசைத்துப் பார்த்தார். வலி இல்லை. கொஞ்சமும் இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவளுக்குப் பின்னால் மச்சான். அவன் பேசாமல் நின்றான். அவன் பேசாமல் நின்றதை சலவைக்காரர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். பயந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"முதல் பை?" என்று கேட்டார்.

"அதுவும் ஏத்திட்டாங்க" என்றாள் மனைவி.

"நானூத்திப் பதினேழுதானே?"

"அதேதான். நான் பார்த்தேன். ஆனா நீங்க..."

"உன் தம்பி பை?"

"அது அப்படியே கீழ இருக்கு. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

சலவைக்காரர் சிரித்தார். சத்தமாகச் சிரித்தார். மனைவி பயந்து தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மறுபடி வாயெடுக்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. உடம்பெல்லாம் சூடாகத் தெம்பு ஓடியது. ஓடாதா பின்னே, அவர் ரத்தம், அவர் நரம்பு, வழி கேட்காமலே போய்ச் சேர்ந்திருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தச்சர் படுத்திருந்தார். அவருக்கு மறுநாள் இடுப்பில் ஆபரேஷன். போர்வையை மோவாய் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலவைக்காரர் அவர் பக்கம் திரும்பி, ஒரு வருடத்துக்குச் சேர்த்துவைத்த வார்த்தையையெல்லாம் அவிழ்த்துவிட்டார். பயப்பட ஒன்றுமே இல்லை என்றார். விளக்கு தெரியும், ஆறு வரைக்கும் எண்ணலாம், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார். அறுத்ததும் தெரியாது, தைத்ததும் தெரியாது, வலி என்பது சும்மா டாக்டர்கள் கட்டிவிட்ட கதை என்றார். ஒன்றே ஒன்று, ரத்தம் மட்டும் சொந்த ரத்தமாக இருக்க வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார். தச்சரின் போர்வை கொஞ்சம் கீழே இறங்கியது.

"இதுக்கா இத்தனை நாள் செத்துப் பிழைச்சேன்" என்றார் சலவைக்காரர். "இன்னொரு முட்டியையும் இப்பவே மாத்துங்கன்னா நான் ரெடி."

பிறகு மச்சானைப் பார்த்தார். இரக்கமாக இருந்தது.

"ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. நீ குடுத்தது நல்ல மனசுலதான். ஆனா எனக்கு வேண்டியிருக்கல. போறப்போ ஞாபகமா உன் பையை வீட்டுக்கு வாங்கிட்டுப் போயிரு."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

அப்போது வார்டு ஆயா கத்தரிக்கோலும் தட்டுமாக உள்ளே வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் போர்வையை விலக்கி, முட்டிக் கட்டின் முனையைத் தேடிப் பிடித்தாள்.

"மெதுவா அம்மா, புது முட்டி" என்றார் சலவைக்காரர்.

"இது பழைய முட்டிதாங்க ஐயா, காலைல நீங்க மயங்கிக் கீழ விழுந்து இடிச்சுக்கிட்டதுக்கு வலி ஊசி போட்டுக் கட்டினது, உங்க ரத்தம் ரெண்டு பையும் அந்த மயக்கத்துக்கே போயிடுச்சு, நாளைக்கு ஆபரேஷனுக்கு முதல்ல ஏத்த உங்க மச்சான் பையைத்தான் எடுத்து வெச்சிருக்காங்க."